சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாமனாருக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முகத்தைவிட முதுகைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? மூன்று வருடம் ஞாயிறுதோறும் நான் அதைத்தானே பார்த்தேன்.

ஹைதராபாத்தில் பெண்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள் என்பது மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. திருச்சியில் கல்லூரி நாளில் பிடித்த மட்டையை, கல்யாணமாகி லாலாகுடாவுக்கு வந்த பிறகும் நான் விடவில்லை. எங்கள் ஆட்டத்துக்கு வரும் கூட்டம் என்றால் நீங்கள் ஒருவர்தான். அந்த ஒருவரும் நான் மட்டையோடு வந்து நின்றதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் அடிக்கும்போது மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். மருமகள் பேண்ட் போட்டுக்கொண்டு ஓடுவது பிடிக்கவில்லை, மகனுக்காக வாயை மூடிக்கொண்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன். நான் ஆடிய லட்சணமும் அப்படி. மூன்று பந்தைத் தவறவிட்டால் வெளியேற வேண்டும். பாதி நாள் அப்படியே வெளியேறினேன். மீதி நாள் மட்டையில் பட்ட பந்து பொத்தென்று எதிரே நிற்பவள் கையில் போய் விழும். பந்தை அடித்துவிட்டு ஓடித் தொட வேண்டிய முதல் பேஸை இந்த வருடம் ஒரு தடவைகூடத் தொடவில்லை.

அந்த எரிச்சலில்தான் உங்கள் மகனிடம் சொன்னேன், மாமா இனிமேல் வர வேண்டாம் என்று. அவர் அதை அப்படியே உங்களிடம் சொல்லிவிட்டார். நீங்கள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கக் கிளம்பினீர்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கோச் எனக்குக் கடைசியாக ஒரே ஒரு ஆட்டம் தருவதாகச் சொன்னார். அதிலும் அவமானப்படுவானேன், நானே விட்டுவிடுகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த மனுசன் பாத்தா நீ அவுட்டாயிடுவியாம். மொத தபா பாத்தாராம், அவுட்டு. அடுத்த தபா டீக்காரன் கூப்டான்னு திரும்புனாராம், நீ டங்குன்னு அடிச்சியாம். அதுலேர்ந்துதான் இந்தக் கூத்து."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பார்க்கப் போவதில்லை என்றால் எதற்காக வந்தார் என்று கேட்டேன். சத்தத்தைக் கேட்பதற்காம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்தவராயிற்றே நீங்கள். மட்டையில் பந்து எங்கே படுகிறது என்பது உங்களுக்குச் சுவரைப் பார்த்தபடியே தெரிந்திருக்கிறது.

அத்தை அதோடு விடவில்லை.

"காய் வாங்கப் போனாருன்னா நெனச்சே? கிரவுண்டு செவுத்துக்கு அந்தாண்ட டீக்கடையில உக்காந்திருந்தாரு. வெறும் பையோட வந்து, 'நுனியிலயே படுதுடி, அவ அரை அடி கிட்டப் போயி நிக்கணும்'னாரு. நீங்களே போய்ச் சொல்லுங்கன்னேன். 'நக்கோ, நான் மாட்டேன். வர வேணாம்னு சொன்ன பொண்ணுகிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது'ன்னுட்டாரு."

மாமா, என்னிடமே சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? தினமும் உங்களுக்குச் சாப்பாடு பரிமாறினேனே, இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்பதைத் தவிர நான் உங்களிடம் என்னதான் கேட்டிருக்கிறேன்?

போன ஞாயிறு ஆடினேன். அடிக்கும் இடத்தில் தரையில் பதித்திருக்கும் தட்டுக்கு, வழக்கத்தைவிட அரை அடி நெருங்கி நின்றேன். முதல் பந்து தவறியது, இரண்டாவதும் தவறியது. மூன்றாவது நடு மட்டையில் பட்டு, இரண்டு பேருக்கு நடுவே பறந்து போய் விழுந்தது. முதல் பேஸில் நின்றுகொண்டு குழந்தை மாதிரி அழுதேன். ஆட்டத்தில் தோற்றோம், அது வேறு கதை. கோச் அடுத்த ஆட்டத்துக்கும் என் பெயரை எழுதியிருக்கிறார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்து அந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். உள்ளே வேறு இரண்டு அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. அங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவோ உன்னிப்பாகக் கேட்டுப் பார்த்தேன். எனக்கு எல்லா அடியும் ஒரே மாதிரித்தான் கேட்டது. ஜெயித்துக்கொண்டிருப்பவரைக் கொண்டாட ஊரே வரும். மூன்று வருடம் தோற்றுக்கொண்டே இருந்த ஒருத்திக்காகப் பார்க்கிற ஆசையையும் விட்டுக்கொடுத்து வெயிலில் உட்கார்ந்திருந்தீர்கள். எந்தப் பெரிய ஆட்டக்காரருக்கு மாமா இப்படி ஒரு ரசிகர் வாய்த்திருப்பார்?

ஆட்டத்தை விட மாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன். இனி யார் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், இன்னொருவர் வழியாகச் சொல்லியனுப்ப மாட்டேன். நேரே போய் எதிரில் நின்று, ஏன் என்று கேட்பேன். உங்களிடம் கேட்காமல் விட்டதை யாரிடமாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்.

என்றும் உங்கள் ஆட்டக்கார மருமகள்,
ரேவதி