மேகம் இல்லாத நாளில் எடுத்த படம்

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன், கோபமாக எழுதப் போகிறேன் என்றாலும் அந்த நினைப்பில் மாற்றமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. முன்னறையில் கழற்றிப் போட்ட மோட்டார்களுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்காராதீர்கள், ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பாருங்கள் என்று நானும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன், அவர் காதில் விழுந்தால்தானே. பாதி மிக்சி, பாதி மின்விசிறி, எது எவருடையது என்று அவருக்கே தெரியாது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, ஊரார் மோட்டாரை எல்லாம் பழுது பார்க்கிறவர் வீட்டுக் குழாய்க்கு வெளியாளை வரச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் போனில் சொல்லக்கூடிய சங்கதிதான். கடிதம் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. போனில் பேசினால் நீ 'மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுகிறாய், கடிதத்துக்கு அந்தச் சாக்குச் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். பறவை டீச்சரை உனக்குத் தெரியாது, நீ வேலைக்குப் போன பிறகு வந்தவர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறார், மாதத்துக்கு ஒரு முறை, மழையோ வெயிலோ, நம் சதுப்புநிலப் பூங்காவுக்கு வந்து என் படகில்தான் ஏறுவார், மூன்று மணி நேரம் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு போவார். போன மாதம் நடுத் தண்ணீரில் இருக்கும்போது போனை எடுத்து என் பக்கம் நீட்டி, 'இதப் பாருங்கக்கா, நீங்க இப்போ காஞ்ச தரையில படகு விட்டுட்டு இருக்கீங்களாம்' என்றார். ஏதோ வேடிக்கை என்று நினைத்தேன். பார்த்தால் ஆட்சேபணை கேட்டு அரசாங்கம் வெளியிட்ட நில வரைபடத்தின் முன்வரைவு. பூங்காவின் வடக்குப் பாதி, அப்போது நாங்கள் மிதந்துகொண்டிருந்த இடம், மொத்தமும் பழுப்பு நிறம். பக்கத்தில் குறிப்பு, பயன்பாடற்ற வறண்ட நிலம் என்று. அதற்குக் கீழே, சரக்கு லாரி நிறுத்தும் வளாகத்துக்கு ஏற்ற இடம் என்று பரிந்துரை. அதற்கும் கீழே, வரைபடம் தயாரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர். அது யாரென்று டீச்சருக்குத் தெரியாது. 'எவனோ ஏசி ரூம்ல உக்காந்து கலரடிச்சிருக்கான், இவனப் பெத்தவங்க தண்ணியவே பாத்திருக்க மாட்டாங்க போல' என்றார். பெற்றவள் அவருக்குப் பின்னால் நின்று கோல் ஊன்றிக்கொண்டிருந்தேன். இருபத்தோரு வருடமாகக் கோல் பிடிக்கிற கை, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படகை நேராகக் கொண்டுபோய் நாணலுக்குள் சொருகியது.

அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது, உடனே சரி செய்கிறேன் என்று சொல்வாய் என எதிர்பார்த்தேன், என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். நீ எனக்குப் பாடம் எடுத்தாய். 'அம்மா, வானத்துலேருந்து எடுக்கற படத்துல மேகம் இருக்கக் கூடாதும்மா, மேகம் மறைச்சா கீழ ஒண்ணுமே தெரியாது, அதனால மேகமே இல்லாத நாள்ல எடுத்த படத்தத்தான் எடுத்துப்போம், அதுதான் ரூல்' என்றாய். நானும் கேட்டுக்கொண்டேன். மழைக்காலத்தில் தண்ணீர் இருக்கும், மேகமும் இருக்கும். கோடையில் மேகம் இருக்காது, தண்ணீரும் இருக்காது. மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரைக் காணோம் என்று கண்டுபிடிக்க நீ ஆறு வருடம் படித்திருக்கிறாய், அதற்காக அப்பா முழங்கால் தேய உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பி சுற்றியிருக்கிறார். அதோடு விட்டாயா, 'மேல சொல்ற கலர அடிக்கறதுதான்மா என் வேலை, இன்னும் மூணு மாசத்துல பிரமோஷன் லிஸ்ட் வருது, அதுவரைக்கும் தயவுசெஞ்சு நீ இதுல தலையிடாத' என்றாய். மூன்று மாதத்தில் வரைபடம் முடிவாகிவிடும், பிறகு தலையிட என்ன இருக்கும், லாரிக்கு வழி விட வேண்டியதுதான்.

உனக்கு மறந்துபோயிருக்கும். உன் அலுவலகத்தில் வருடம் முழுக்க ஒரே குளிராக வைத்திருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அங்கே உட்கார்ந்திருந்தால் காலம் மாறுவது எப்படித் தெரியும், நானே நினைவுபடுத்துகிறேன். இப்போது மழை பிடித்து இரண்டு மாதம். படகுத்துறையின் ஏழு படியில் நாலு மூழ்கிவிட்டது. இதற்கு மேல் நடக்காதீர்கள் என்று எழுதிய பலகைக்கு மேலேயே படகை விட்டுக்கொண்டு போகிறேன். மழையில் இங்கே வருகிறவர்கள் இரண்டே வகை, புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், இல்லாவிட்டால் பறவை டீச்சர். படகில் குடையை விரிக்காதீர்கள், காற்று தூக்கும் என்று சொன்னால் தூக்குகிறதா என்று விரித்துப் பார்ப்பார்கள். மழை விட்டுக் குளிர் வந்ததும் வெளியூர்ப் பறவையும் வெளியூர் ஆட்களும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். பறவைகளால் எனக்குத் தொந்தரவு இல்லை. முழ நீளக் கேமராவை வைத்துக்கொண்டு 'யாரும் பேசாதீங்க' என்று மற்றவர்களை அதட்டுகிறவருடைய போன்தான் முதலில் அலறும். மிதவைச் சட்டை போட்டால் போட்டோவில் குண்டாகத் தெரிகிறது என்று ஓர் அம்மாள் கழற்றிவிட்டார், முழுகினால் போட்டோவிலேயே தெரிய மாட்டீர்கள் என்றேன், புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு முட்டையும் குஞ்சும். மரத்துக்கு நூறு கூடு, அந்தப் பக்கம் போனால் தலைக்குத் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும், காரணம் உனக்குத் தெரியும். ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு 'என்னம்மா இப்படி நாறுது, சுத்தம் பண்ண மாட்டீங்களா' என்று கேட்டார், ஆயிரம் வீட்டில் ஒரே நேரத்தில் பிள்ளை பிறந்திருக்கிறது, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்றேன். வெயில் ஏற ஏறத் தண்ணீர் நடு வாய்க்காலுக்குள் சுருங்கும். கோல் முழங்கால் ஆழம் போகும், பிறகு கணுக்கால் ஆழம், கடைசியில் நானே இறங்கிச் சேற்றில் தள்ளுவேன், உள்ளே உட்கார்ந்திருக்கிற மகராசர்கள் மெதுவாகத் தள்ளச் சொல்லி யோசனை கொடுப்பார்கள். அப்புறம் நாற்பது நாள் படகு கிடையாது. எல்லாவற்றையும் கரையோரம் வரிசையாகக் கவிழ்த்துப் போட்டு, பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக அடிப்போம். வருடத்தில் இந்த நாற்பது நாள்தான் அந்த இடம் காய்ந்து கிடக்கும். அதில் ஒரு நாளைப் பார்த்து உங்கள் வானத்துக் கேமரா எட்டிப் பார்த்திருக்கிறது.

சரி, அது இயந்திரம், அதற்குப் புத்தி கிடையாது என்று விட்டுவிடலாம். அடுத்த முறை டீச்சர் வந்தபோது வரைபடத்தோடு இணைத்திருந்த அந்த வானத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன், அப்போதுதான் நீ யாரென்றும் சொன்னேன். பாவம், அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. 'சாரிக்கா, அன்னைக்கு நான் தெரியாம' என்று இழுத்தார். நீங்கள் சொன்னதில் தப்பில்லை, படத்தைக் காட்டுங்கள் என்றேன். பழுப்பு நிலத்தின் ஓரத்தில், படகுத்துறைக்குப் பக்கத்தில், சின்னச் சின்னதாக ஆறு புள்ளி. விரலால் இழுக்க இழுக்கப் புள்ளி படகானது. ஆறு படகு, நாலாவது மட்டும் பாதி நீலம், பாதி வெறும் மரம். அது என் படகு. அன்றைக்குப் பெயின்ட் பாதியில் தீர்ந்துபோய் மறுநாள் கடைக்கு ஆள் அனுப்பினோம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் புள்ளிகளுக்கு உன் அட்டவணையில் ஒரு பெயர் வைத்திருக்கிறாய், அடையாளம் தெரியாத கழிவுப் பொருட்கள், அகற்றப்பட வேண்டியவை. படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம் வரவில்லை. ஏண்டா, வறண்ட நிலத்தில் ஆறு படகு எதற்குக் கிடக்கிறது என்று உனக்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லையா? வேறு எவன் எழுதியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன், அவன் கவிழ்த்த படகைப் பார்த்திருக்க மாட்டான். நீ பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் நேராகத் துறைக்கு வருகிறவன், வீட்டுப்பாடத்தைப் படகின் பின்பலகையில் உட்கார்ந்து எழுதியவன், அந்தக் கவிழ்த்த படகுகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டு என்னைத் தேட விட்டவன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், லாரியைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு வலிக்கிறது.

சின்னப் பிள்ளையாக இருக்கும்போது படகில் வருகிறவர்களுக்கு வாய்க்கு வந்த பறவைப் பெயரை அள்ளி விடுவாய். அது ராஜா கொக்கு, பறக்கும்போதே தூங்கும் என்று நீ சொன்னதை நம்பி ஒரு பெரியவர் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி அன்றைக்குச் சாக்லேட் வாங்கினாய், இருக்கிறதை இல்லை என்று சொல்லி இன்றைக்குப் பிரமோஷன் வாங்கப் போகிறாய், பிள்ளை நன்றாகத்தான் முன்னேறியிருக்கிறான். லாரி வளாகம் வந்தால் எனக்கு வேலை போய்விடும் என்று கவலைப்படாதே. மழைக்காலத்தில் லாரி எல்லாம் கண்ணாடி வரை தண்ணீரில் நிற்கும், டிரைவர்களை ஏற்றி இறக்க ஒரு படகு வேண்டாமா? மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடுவோம் என்பீர்கள், அப்போது அந்தத் தண்ணீர் நம் தெருவுக்குத்தான் வரும், அப்பாவின் மோட்டார்கள் நீச்சல் பழகிக்கொள்ளட்டும்.

அப்பா முதலில் உன் பக்கம்தான். 'புள்ள கஷ்டப்பட்டு மேல வர்றான், நீயே அவன் வேலைக்கு வேட்டு வெச்சிடாத' என்று என்மேல் பாய்ந்தார். டீச்சரிடம் சொல்லி அந்தப் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து வாங்கி, அவருடைய மோட்டார்களுக்கு நடுவில் வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து அந்த நாலாவது படகையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் என் கோலை வாங்கி அடிக்கு ஒரு கோடாக வெள்ளைப் பெயின்ட் அடித்து, பக்கத்தில் எண்ணும் எழுதிக் கொடுத்தார். 'எவ்வளவு ஆழம்னு வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாங்க' என்றார், அவ்வளவுதான் பேச்சு.

ஆட்சேபணை மனுவை டீச்சர் எழுதினார், பூங்காவில் வேலை பார்க்கிற நாங்கள் பதினோரு பேரும் தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்டோம். போன திங்கட்கிழமை நானும் டீச்சரும் நம் ஊர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிப் பார்த்த எழுத்தர் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்றார், வரைபடம் தயாரித்தவர் பெயர். டீச்சர் எனக்காக அதை எழுதாமல் விட்டிருந்தார். காலியாகவே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். 'ஆபீஸ்லேருந்து யாராச்சும் ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போவாங்கம்மா' என்றார். பெயர் எழுதினால் என்று கேட்டேன். 'அப்ப அவரே நேர்ல வந்து எடத்தக் காட்டியாகணும்' என்றார். பேனாவை வாங்கி நானே எழுதினேன், அப்பாவின் முதலெழுத்தை முன்னால் போட்டு முழுப் பெயரும். எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு 'உங்களுக்குத் தெரிஞ்சவரா' என்று கேட்டார். தெரிந்தவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

அலுவலகக் கடிதத்தில் பார்த்து நீ ஆடிப்போகக் கூடாது, அம்மா முதுகுக்குப் பின்னால் செய்துவிட்டாள் என்றும் நினைக்கக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உன் பிரமோஷன் இதனால் போனாலும் போகும், தெரிந்துதான் எழுதினேன், அதற்கு நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். தயாரித்தவரே தவறு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விசாரணை இல்லாமலே மாற்றிவிடலாம் என்று எழுத்தர் சொன்னார், செய்வதானால் செய். செய்யாவிட்டால் அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு அதிகாரிகள் இடம் பார்க்க வருகிறார்கள். அன்றைக்குப் படகு முறை என்னுடையது. சங்கடமாக இருந்தால் வேறு ஆளை மாற்றிவிடட்டுமா என்று மேற்பார்வையாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். ஆகவே நீயும் உன் அதிகாரிகளோடு என் படகில்தான் உட்கார வேண்டும். பயப்படாதே, மகன் என்று காட்டிக்கொள்ள மாட்டேன், எல்லாரையும் போல நடுப்பலகையில் உட்காருங்கள் சார் என்பேன். நீ பழுப்பு அடித்த இடத்தில் போய்ப் படகை நிறுத்துவேன். கோலை உன் கையில் கொடுப்பேன். ஊன்றிப் பார்த்து எத்தனை அடி என்று அவர்களிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணை இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்காதே, நோய் நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இரு, இதை மனசாரத்தான் சொல்கிறேன். எட்டாம் தேதியே வீட்டுக்கு வந்துவிடு, உன் கட்டிலில் கிடக்கிற கம்பிச் சுருளை எல்லாம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வராதே, படியெல்லாம் சேறு.

இப்படிக்கு,
மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருக்கும்
உன் அம்மா