ஏழாம் எண் அரசமரம்

24 பிப்ரவரி, திங்கள்

இன்று அலுவலகத்தில் எனக்கு லத்தீன் வேலை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, டாலிகஞ்சில் மூடிக்கிடக்கும் பிஸ்கட் தொழிற்சாலை நிலத்தின் மர அறிக்கை. அங்கே பதினான்கு மாடி எழும்பப் போகிறது. கட்டுகிறவர்களுக்கு மரங்களை எண்ணிக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் பிழைப்பு.

யாரோ எல்லா அரசமரத்தையும் 'ஃபைகஸ் ரிலிஜியோசஸ்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். 'அஸ்' என்று முடிந்தால் ஆண்பால் என்ற நினைப்பு. லத்தீனின் இரண்டாம் வகைப் பெயர்ச்சொற்களில் முக்கால்வாசி அப்படித்தான். ஆனால் ரோமர்களுக்கு மரங்கள் பெண்கள். ஃபைகஸ் பெண், மல்பெரியான மோரஸும் பெண். ஆகவே ரிலிஜியோசா, ஆல்பா. பலா மட்டும் கிரேக்கத்திலிருந்து வந்த ஆண்பிள்ளை. சிவப்பு மையில் திருத்தி, அலுவலக விதிப்படி ஒவ்வொரு திருத்தத்தின் ஓரத்திலும் ஜெ.பி. என்று சுருக்கொப்பம் போட்டேன். இருபத்தேழு இடம். பெருமையாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

25 பிப்ரவரி

நேற்று பெயர்ப் பத்தியை மட்டும் பார்த்தேன். அதற்குப் பக்கத்துப் பத்தி 'நிலை'. இன்று நகலில் அதைப் படித்தேன். ஏழாம் எண் அரசமரம்: பட்டுவிட்டது. இப்படிப் பதினோரு அரசமரம். அத்தனை வரியின் ஓரத்திலும் என் ஒப்பம்.

ஜனவரியில் அவற்றை அளந்தவள் நான். என் குறிப்பேட்டில் எல்லாம் 'நலம்'. பிப்ரவரியில் அரசு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்திருக்கிறார்கள். பட்ட மரம் என்றால் வெட்ட அனுமதி சுலபம்.

மேலாளர் சான்யால்தாவிடம் கேட்டேன். சிரித்தார். "நீ பார்த்த தாள்தானே? ஓரத்துல யார் பேரு இருக்கு? லத்தீன் ரொம்ப சுத்தம், ஜெயப்ரியா."

பொய் அறிக்கை என்று தெரிந்தால் மாட்டப்போவது யார்? அவர் எங்கும் கையெழுத்தே போடவில்லை.

27 பிப்ரவரி

வைரஸ் என்றால் லத்தீனில் விஷம். அதுவும் 'அஸ்' என்றுதான் முடிகிறது. ஆனால் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, பன்மையும் கிடையாது. மூன்று நாளாகத் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

5 மார்ச்

காளிகாட்டில் அப்பாவின் பலகாரக் கடைக்குப் பல்டு வந்திருக்கிறான். அந்த நிலத்துக்குச் செங்கலும் மணலும் இறக்குகிற கோஷ்டியின் ஆள். முறுக்கு வாங்கிக்கொண்டு, "காக்கு, தீதி ஆறரைக்குத்தானே மெட்ரோல இறங்குறாங்க?" என்றானாம். அவ்வளவுதான் பேசினான்.

ஆறரைக்குத்தான் இறங்குகிறேன்.

அப்பா என்னை முறைத்தார். "கையெழுத்துப் போட்டாச்சுல்ல. வாய மூடிக்கிட்டு இரு. நாப்பது வருஷமா கடை நடத்துறேன், ஒரு கண்ணாடி ஒடஞ்சதில்ல."

நான் என்ன செஞ்சேன்பா — பேரைத் திருத்தினேன், அவ்வளவுதானே? இதைக்கூட அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

12 மார்ச்

மதியம் போய்ப் பார்த்தேன். ஏழாம் எண்ணின் அடியில், பூஜை முடிந்து யாரோ விட்டுப்போன களிமண் சரஸ்வதி, கை உடைந்து சாய்ந்திருந்தாள். கிளை நுனியில் மொட்டு. உறுதியாகப் பார்ப்பதற்குள் கேட்டருகே பைக் சத்தம். ஓடி வந்துவிட்டேன். பல்டுவா, பால்காரனா — தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை.

18 மார்ச்

வியாழக்கிழமை வனத்துறை அதிகாரி வருகிறாராம். "நீயும் வா. கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு," என்கிறார் சான்யால்தா. மாதம் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு 'ஆமா'. சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

20 மார்ச், வியாழன்

எழுத்து கோணுகிறது.

அதிகாரி ஒரு பெண். குடை பிடித்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "ஜெ.பி. யார்?"

கேட்டில் பல்டு சாய்ந்து நின்றான். சான்யால்தா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் முதலில் தமிழ் வந்தது. பிறகு வங்காளத்தில் சொன்னேன்: "பேரு மட்டும்தான் நான் திருத்தினது. நிலை நான் எழுதினதில்ல." ஜனவரிக் குறிப்பேட்டை நீட்டினேன். காலையில் அதைப் பையில் ஏன் வைத்தேன்? அப்போதே முடிவு செய்திருந்தேனா? தெரியவில்லை.

அவர் குடையை மடக்கி மேலே பார்த்தார். ஏழாம் எண் முழுக்கச் செம்புநிறத் தளிர்.

"செத்தது துளிர் விடுதே, சான்யால்பாபு," என்றார்.

21 மார்ச்

வேலை போயிற்று. வாட்ஸ்அப்பில், ஒரே வரியில்.

2 ஏப்ரல்

காலையில் கடையைத் திறந்தால் கண்ணாடி அலமாரி நொறுங்கிக் கிடந்தது. அள்ளப் போனேன், அப்பா துடைப்பத்தைத் தரவில்லை, அவரே பெருக்கினார்.

15 ஏப்ரல், பொய்லா பொய்ஷாக்

வெட்டும் அனுமதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நிறுத்தம்தான், மறுப்பு இல்லை.

கடையில் இப்போது நான்தான் பொட்டலம் கட்டுகிறேன். புது வருஷம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் இனிப்பு. பல்டுவும் வந்து கையை நீட்டினான். "மரம் நல்லாருக்கா, தீதி?" நான் பொட்டலத்தில் நூலை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். "நல்லா இருக்கு, தம்பி," என்று அப்பா சொல்லி, ஒரு சந்தேஷ் எடுத்துக் கொடுத்தார்.

மாலை என்னைத் தனியாக அனுப்பவில்லை. கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே மெட்ரோவில் வந்தார். டாலிகஞ்சில் இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் நின்றார்.

"அந்த ஏழாம் நம்பர் எந்தச் சந்துல இருக்கு?"