உழக்கினால் பாடும் வானொலி

சைக்கிள் டைனமோ டயரில் உரசும்போது ரப்பர் சூடேறி ஒரு வாசம் வருமே, இன்று நம் அருங்காட்சியக மண்டபம் முழுக்க அதுதான். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் பூசிய சென்ட் எல்லாம் தோற்றுப்போனது. எடியே, வென்றுவிட்டோம்!

நம் சனம் வானொலியும் கசெற்றும் கேட்ட காலத்தை எப்படிக் காட்டுவது என்று குழு கூடியபோது எல்லோரும் தொடுதிரை என்றார்கள். நீதான் எழும்பினாய். "தொட்டால் வாறதெண்டால் வீட்டிலை இருந்தே ஃபோனிலை பாப்பினம். கறண்ட் இல்லாத காலத்திலை நாங்கள் சைக்கிள் பெடலை உழக்கி டைனமோவிலைதானே பாட்டுக் கேட்டனாங்கள்? வாறவையும் உழக்கட்டும்!"

அப்படியே செய்தோம். வருகிறவர் தன் பெயர், வயது, ஊர், வீட்டாரின் பெயர்களைச் சொல்லவேண்டும். உழக்கினால் அவருடைய இளவயதுப் பாட்டு வரும். அதற்கு முன், 'விரும்பிக் கேட்பவர்கள்' என்று அந்தப் பெயர்களை அறிவிப்பாளர் வாசிப்பார். அந்தக் குரல் என்னுடையது; பதிந்து கொடுத்தேன், எந்தப் பெயரையும் கணினி அதே குரலில் வாசிக்கும். உன் குரல் காகம் மாதிரி என்று சொல்லித் தப்பிவிட்டாய், கள்ளி.

கால் தளர்ந்தால் குரல் இழுபடும். குழுத் தலைவர் முகம் சுளித்தார். "உது பிழை. திருத்துங்கோ."

"பிழையில்லை ஐயா. அப்பிடித்தான் கேட்டது," என்றாய்.

ஒரு மூலையைத் தந்தார். திறப்பு நாளில் ஆட்கள் நிற்காவிட்டால் கழற்றிவிடுவோம் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நீ, "கழட்ட விடாதை," என்றாய். உன் பிடிவாதம் முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

இன்று தலைவரே மனைவியுடன் வந்து ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உழக்கினார். "சண்டிலிப்பாயிலிருந்து..." என்று தன் பெயர் வந்ததும் மனுசன் திகைத்துக் காலை நிறுத்திவிட்டார். குரல் இழுபட்டது.

"ஐயோ, நிப்பாட்டாதேங்கோ! என்ரை பேர் இன்னும் வரேல்லை!" என்று மனைவி கத்தினார்.

மண்டபமே சிரித்தது. பிறகு வரிசை வாசல் தாண்டிப் போனது. இறங்கி மூச்சு வாங்கியபடி தலைவர், "பிள்ளை, இன்னும் ரெண்டு சைக்கிள் வைப்பம்," என்றார்.

எல்லோரும் பார்க்க நானும் ஏறினேன். என் பெயரைச் சொல்லவில்லை, உன் பெயரைச் சொன்னேன். கால் கெஞ்சியது. விடவில்லை. ஓர் எழுத்துக்கூட இழுபடாமல், மண்டபம் முழுக்கக் கேட்டது உன் பெயர்.