வெறும் புல்லுதான் சார்

சேசு மரி சூசை துணை

எண்ணூர்
12-3-1968

அன்புத் தம்பி சவரிநாதனுக்கு,

அக்கா ஞானசெல்வி எழுதுவது. பம்பாய்த் துறைமுகத்தில் உன் வேலை நிரந்தரமாயிற்றா? மாமாவுக்கு இருமல் தேவலை. நீ என்னை நம்பி விட்டுப்போன மூன்று எருமைகளும் என்னுடைய மூன்றும் உயிரோடு இருக்கின்றன. ஜூன் மாதம் வேலையை விட்டு வந்து ஊரோடு பால் வியாபாரம் பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கழிவெளி ஓரத்து மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். ஏதோ ஆலை வருகிறதாம். மாடுகள் தினமும் கம்பியோரம் போய் நின்று உள்ளே பார்க்கின்றன. அடித்தாலும் நகர்வதில்லை. ரோட்டோரத்தில் சுவரொட்டியும் சிமெண்டுக் காகிதமும் தின்று வயிற்றை ரொப்புகின்றன. பால் பாதியாகிவிட்டது. ராயபுரம் டீக்கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

எப்படி நடந்தது என்று கேட்பாய். யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் வரைபடமும் சங்கிலியுமாக நாலு பேர் அளக்க வந்தார்கள். ஆடியில் அந்த நிலம் எப்படிக் கிடக்கும், உனக்குத் தெரியாதா? வெடித்த மண், கருகிய கோரை. மற்றவர்கள் பயந்து மாடுகளைப் பனைமரங்களுக்குப் பின்னால் ஓட்டிவிட்டார்கள். படித்தவள் என்ற கொழுப்பில் நான் மட்டும் முன்னால் போய் நின்றேன். இங்கே மாடு மேய்க்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். அதற்கு முந்தின வருஷம் உன் செவலை எருமையைப் பிடித்துப்போய் சர்க்கார் மாட்டுப் பவுண்டில் அடைத்து, இரண்டு நாள் கறக்க ஆளில்லாமல் மடி வீங்கி அது கதறியது என் கண்முன் வந்தது. மறுபடியும் பிடித்துப்போவார்கள் என்று நடுங்கி, “இங்க யாரும் மேய்க்கறது இல்ல சார், வெறும் புல்லுதான் கீது” என்று சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். போட்டேன். முழுப் பெயரையும் போட்டேன், பெரிய கலெக்டர் மாதிரி!

திரும்பி வந்ததும், மாட்டோடு பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த பட்டம்மாள், “இன்னாம்மா கேட்டுகினு இருந்தாங்கோ?” என்றாள். காட்டுப்பள்ளிக்கு வழி கேட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

கம்பி போட்ட பிறகு ஆபீசுக்கு ஓடினேன். அன்று அளக்க வந்த அதே அதிகாரிதான். நல்ல மனுஷர், உட்கார நாற்காலி கொடுத்தார். அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். சார், அது சும்மா கிடக்கிற நிலம் இல்லை. ஐப்பசி மழை விழுந்தால் அருகும் கோரையும் முழங்கால் உயரம் வரும். முதலில் மேட்டில் மேய்ப்போம். தண்ணீர் வற்ற வற்றப் பள்ளத்துக்கு இறங்குவோம், மேடு ஓய்வெடுக்கும். கோடையில் கழியோரத்து உமரிச் செடியைக் கடித்து மாடு உயிர் பிடித்துக்கொள்ளும். எருமை மேய்ந்த பிறகுதான் மஜீது பாயின் ஆடுகள் வரும், ஒருவர் முறையை ஒருவர் மீறமாட்டோம். அந்தப் புல் வேர்தான் புயலில் மணலைப் பிடித்து நிறுத்துகிறது, இல்லாவிட்டால் நெட்டுக்குப்பத்து வீடுகளில் மணல் ஏறிவிடும். யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் இறைக்கவில்லை, ஆனால் எத்தனை குடும்பம் அதில் சாப்பிடுகிறது! மூச்சு விடாமல் பேசினேன் தம்பி.

அவர் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினார். மேய்ச்சல் கிடையாது, வெறும் புல், பயனற்ற தரிசு. கீழே என் கையெழுத்து. “இதையெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா” என்றார். என் வாயில் மண்ணைப் போட.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் போதும், பட்டம்மாளும் மஜீது பாயும் மனு எழுதச் சொல்லி வாசலில் நிற்கிறார்கள். மூன்று மனு எழுதிவிட்டேன். எந்தக் கையால் கெடுத்தேனோ அதே கையால் எழுதுகிறேன். போன வாரம் மஜீது பாய், “நீ இல்லாங்காட்டி எங்க கதி இன்னா ஆவும் தங்கச்சி?” என்று கண் கலங்கினார். பட்டம்மாள் தன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைச் சாப்பிடவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் கம்பி போகப்போவதில்லை.

ஜூன் மாதம் நீ வேலையை விடாதே. உன் மூன்றையும் எத்தனை நாள் காப்பாற்றுவேன் என்று தெரியாது. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இங்கே எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், தாங்க முடியவில்லை. நீயாவது என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு. வாய்க்கு வந்தபடி எழுது, யாராவது பார்ப்பார்களே என்று யோசிக்காதே. இங்கே என்னைத் தவிர வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது.

உன் அக்கா
ஞானசெல்வி