அளத்துக்காரியின் கடவுச்சொல்

இன்று காலை கணினி என்னைக் கண்டித்தது. என் கடவுச்சொல் மிகப் பழையதாம், யாரும் எளிதில் ஊகித்துவிடுவார்களாம், உடனே மாற்ற வேண்டுமாம். நீ சொல்லிக் கொடுத்த கடவுச்சொல் அது. "முடிஞ்சா ஊகிச்சுப் பாரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்த்தாள். சிரித்துச் சமாளித்தேன். சமாளிப்பதில் நான் கெட்டிக்காரி என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

இப்போது என் பிழைப்பு என்ன தெரியுமா? இணையத்தில் தனக்கென்று ஒரு பெயரை உருவாக்குவது எப்படி என்று வகுப்பெடுப்பது. பர்சனல் பிராண்ட் என்கிறார்கள். "நீங்க நீங்களா இருங்க, ஜனங்க நம்புவாங்க" என்று முதல் வகுப்பிலேயே சொல்கிறேன். நாக்கு கூசுவதே இல்லை.

சுனாமி வந்து மரக்காணம் உப்பளங்களில் சேறு ஏறிக் கிடந்த சமயம். வேலை இல்லாமல், பயோடேட்டா அடிக்க வேண்டும் என்று நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டருக்கு வந்தாய். பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்; அதன்பின் நீ அளத்துக்குப் போனாய், நான் கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் போனேன். முன் அனுபவம் என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன்.

"உப்பு வாருனேன்னு போட்டா எவன்டி வேலை குடுப்பான்?" என்றாய். பிறகு, கேட்காமலே அளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். "உப்பு பூக்கறத குனிஞ்சு பார்க்கணும்டி. நின்னுட்டுப் பார்த்தா வெறும் தண்ணிதான் தெரியும்." பயோடேட்டாவை விட்டுவிட்டு நீ சொன்னதை அப்படியே தட்டினேன். அப்படித்தான் நம் வலைப்பதிவு பிறந்தது. அளத்துக்காரி என்று பெயர் வைத்ததும் நீதான். உன் சொந்தப் பெயர் வேண்டாம் என்றாய். அளத்து மேஸ்திரி காதுக்குப் போனால் மறுபடி வேலைக்குக் கூப்பிட மாட்டான்.

சேற்றை வாரி எடுத்து அளம் திரும்ப ஓட ஆரம்பித்தது. பயோடேட்டா என்ன ஆனது என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை முடிந்து, கால் கழுவி, மத்தியானம் சென்டருக்கு வந்து ஃபேனுக்கு நேராக உட்காருவாய். நீ பேசுவாய், நான் தட்டுவேன். அமெரிக்காவிலிருந்தும் துபாயிலிருந்தும் பின்னூட்டங்கள் வந்தன. படித்துக் காட்டுவேன். "இன்னொரு தபா படி" என்பாய். ஒருவர் அளத்துக்காரியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"உன் மூஞ்சியப் போடு. நீதான் பவுடர் போட்டுக்கினு இருக்க" என்று கேலி செய்தாய். நீ கேலியாகச் சொன்னதை நான் அன்றைக்கே செய்துவிட்டேன். மறுநாள் திரையில் என் படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பதிவைச் சொல்ல ஆரம்பித்தாய்.

ஆடி மாதத்தில் புதுச்சேரியில் வலைப்பதிவர்கள் கூடினார்கள். அளத்துக்காரியைப் பேச அழைத்திருந்தார்கள். உன்னிடம் சொன்னேன்.

"அங்க நம்ம மேஸ்திரி ஆளுங்க யாரும் வர மாட்டாங்கல்ல?"

"யாருடி வரப் போறா?"

"அப்ப எம் பேரைச் சொல்லிடு. ஒரே ஒரு தபா. நானும் கேட்டுக்கறேன்."

சத்தியமாய்ச் சொல்கிறேன் என்றேன். நீ வேலைக்கு லீவு போட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாய். கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். நான் மேடை ஏறினேன். கை தட்டினார்கள். பாவி, அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்துப் போயிற்று. சொல்ல வேண்டியதை ஒவ்வொரு வாக்கியமாகத் தள்ளிப் போட்டேன். நடு வெயிலில் உப்பு வாருவது எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். கண்ணாடிக் கடலில் நிற்பதுபோல் என்று ஏதோ அளந்தேன்.

உன்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றாய். "வெயில் ஏறுனப்புறம் எவங்க வாருவா? கண்ணு போயிடுங்க. விடியறதுக்குள்ள எறங்கி பத்து மணிக்கெல்லாம் கரையேறிடுவோம்."

எல்லாத் தலைகளும் திரும்பின. இவங்க யாரு என்று கேட்டார்கள். வாசலே திறந்து கிடந்ததடி எனக்கு. உன் பெயரைச் சொன்னால் போதும். மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டால் உன் வேலை போய்விடுமே என்று மனசுக்குள் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊருக்காரங்க. என் எழுத்துன்னா உசுரு" என்றேன்.

நீ என்னை ஒருமுறை பார்த்தாய். "ஆமாங்க" என்று சொல்லி உட்கார்ந்தாய்.

திரும்பும் பஸ் கோட்டக்குப்பம் தாண்டியது. பிறகு நீதான் பேசினாய். "விடுடி. ஆனா வெயில்ல வார்றாங்கன்னு மட்டும் எழுதாத. நம்மாளுங்க படிச்சா சிரிப்பாங்க." திட்டியிருக்கலாம் நீ. நாலு பேர் பார்க்க அறைந்திருக்கலாம். அதற்குப் பிறகு நீ சென்டருக்கு வரவில்லை. உன்னைத் தேடி வர எனக்கும் முகம் இல்லை.

நினைவில் இருந்ததை வைத்து எழுதினேன். தீர்ந்ததும் இட்டுக்கட்டி எழுதினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பெயரால் சென்னையில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் உப்பு வாரும் காலத்தில் சென்டர் முதலாளி அண்ணன் போன் செய்தார். உனக்கு மஞ்சள் காமாலை, பத்தே நாள், அடக்கமும் முடிந்துவிட்டது என்றார். அன்று அளத்துக்காரி தன் தோழி இறந்ததைப் பற்றி எழுதினாள். ஆறுதல் சொல்லி எத்தனையோ பேர் எழுதினார்கள். எல்லா ஆறுதலையும் நானே வாங்கிக்கொண்டேன். உன் அம்மாவுக்கு ஒரு வரிகூடப் போகவில்லை.

பதிவைத் தொடங்கிய அன்று கடவுச்சொல் கேட்டது நினைவிருக்கிறதா? "யாருக்கும் தெரியாததா இருக்கணுமா? அப்ப எம் பேரைப் போடு. அதான் யாருக்கும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாய். இன்று காலையும் அதையே தட்டினேன். எழுத்துக்கு ஒன்றாய்க் கறுப்புப் புள்ளிகள் வந்தன. மாற்றச் சொன்ன கட்டத்தை மூடிவிட்டேன்.

இந்த மடலில் எங்கேயும் உன் பெயர் இல்லை. எழுதினால் கடவுச்சொல் வெளியே போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்று மேடையிலும் இப்படி ஒரு காரணம் என் கையில் தயாராக இருந்ததடி.