நிதானமா வாம்மா என்றாய்

ஓமாரு,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கிர்ஸ்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், நாய் சுகம், கூரை ஒழுகுவதும் ஒருவழியாக நின்றுவிட்டது. நீயும் வூட்டரும் அங்கே ஐரோப்பாவில், கென்டில் சுகமாகத்தான் இருப்பீர்கள், இருக்கவும் வேண்டும், நான் எவ்வளவு கோபத்தில் எழுதினாலும் அந்த எண்ணம் மாறாது. என் இடுப்பும் சுகமாகத்தான் இருக்கிறது. அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். ஃபோனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்காதே, ஃபோனில் என்றால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், கடைசியில் நான் சொல்ல வந்தது என் தொண்டையிலேயே நின்றுவிடும்.

அங்கே உங்களுக்குக் கோடை வரும்போதுதானே இங்கே குளிர், இந்த வருடம் அது சீக்கிரமே வந்துவிட்டது, காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. விறகு இறக்கியாயிற்று, உன் தம்பி ஹேமிஷ்தான் வந்து கொட்டகையில் அடுக்கிக் கொடுத்தான். நம் நாய் ஃப்ளிக்குக்கு வயதாகிவிட்டது, பூனையைப் பார்த்தால் எழுந்திருக்கக்கூட யோசிக்கிறது. கால்நடை மருத்துவமனையில் என் இடத்துக்கு ஒரு சின்னப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள், கெட்டிக்காரி, ஆனால் நாய் உறுமினால் மேஜைக்கு அடியில் போய்விடுகிறாள். இத்தனை வருடம் எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்பு முழுவதையும் இந்தப் பயணத்துக்காகத்தான் எழுதிக் கொடுத்தேன். பெட்டி கூட எடுத்து வெளியே வைத்தாயிற்று.

போன வருடம் நான் உனக்கு என் முதல் திட்டத்தைச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கென்டுக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டு, அப்படியே பாரிஸ், கொலோன், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம் என்று மூன்று வாரத்தில் ஒரு சுற்று. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இது சுற்றுலா இல்லம்மா, ஆட்டு மந்தைய ஓட்டிட்டுப் போற வேலை, வாழ்நாள்ல ஒரு தடவ வர்றே, நிதானமா வாம்மா என்றாய். நாலே ஊர் போதும், ஒவ்வொண்ணுலயும் மூணு நாலு வாரம் இரு, ரொட்டிக் கடைக்காரன் உன் மூஞ்சியப் பாத்ததும் வழக்கமா வாங்கறத எடுத்து வைக்கிற வரைக்கும் இரு என்றாய். மே இரண்டாம் வாரத்தில் போர்ட்டோ, ஜூன் முழுக்க பலேர்மோ, ஜூலையில் கிராகோவ் என்று ஊர்களை நீயேதான் வரிசைப்படுத்தினாய். கென்டைக் கடைசியா வெச்சுக்கோம்மா, அப்பத்தான் அடுத்த ஊருக்கு ஓடற அவசரம் இல்லாம நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம் என்றாய். மற்றதையெல்லாம் விடு, அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

விழுந்தது மட்டுமா, அதையே வேதமாகவும் பிடித்துக்கொண்டேன். ஆற்றங்கரை அறை வேண்டாம், காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் எடு என்றாய், எடுத்தேன். விடிகாலை விமானம் ஒன்றுகூட இருக்கக் கூடாது, வாரத்தில் ஒருநாள் துணி துவைக்கவும் சும்மா இருக்கவும் ஒதுக்கு என்றாய், ஒதுக்கினேன். பலேர்மோவிலிருந்து வரும்போது ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடலைத் தாண்டிவிடுவார்களாமே, அதற்காகவே விமானத்தை விட்டுவிட்டு ரயிலுக்குச் சீட்டு எடுத்தேன், வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் தூங்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. நூலகத்தில் கூப்பிட்டு, அவசரமில்லாமல் ஐரோப்பா போவது எப்படி என்று என்னைப் பேசவே வைத்தார்கள். நானும் மேதாவி மாதிரி நின்று பேசினேன். பத்து நாடு பார்க்கிற பேருந்துப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருந்த என் தோழி கொலீனை எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தேன், காலைல எழுந்ததும் இது எந்த ஊருன்னு டிரைவரத்தான் கேக்கப் போறே என்று. அவளும் சிரித்தாள். இப்போது நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அதே கொலீன்தான் போன செவ்வாய்க்கிழமை ஃபோன் செய்தாள். சனிக்கிழமைக்கு நீ வழக்கம்போல சீஸ் ரோல்தானே கொண்டு வர்றே, இல்ல பொண்ணோட அம்மாங்கறதால ஒண்ணும் செய்யாம ராணி மாதிரி வந்து உக்காரப் போறியா என்றாள். எந்தச் சனிக்கிழமை, எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்னும் எனக்கே விளங்கவில்லை, வாய் தானாகவே, சீஸ் ரோல்தான், ரெண்டு தட்டு என்று சொல்லிவிட்டது. இந்த ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குச் சமையலறைச் சாமான் கொடுக்கிற தேநீர் விருந்தை யாருக்கும் தெரியாமல் நடத்த முடியுமா, கிர்ஸ்டி? தேவாலயக் கூடத்தில் பெஞ்சு போட்டாலே பாதி ஊர் ஆளுக்கொரு தட்டோடு வந்து நிற்கும். பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் தெரியாது என்று எவளுக்காவது தோன்றுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள், அதுவும் ஓமாருவில்.

ஹேமிஷை வரச் சொன்னேன். அடுத்த மாதம் வேலை விஷயமாக பெர்த் போகிறேன் என்று என்னிடம் சொல்லி, புதிதாக ஒரு கோட்டு சூட்டும் வாங்கியிருந்தான். சாப்பாடு போட்டுவிட்டு, பெர்த்ல கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கிட்டா வேலை பாக்கறாங்க என்று கேட்டேன், அவ்வளவுதான், கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். பாவம், அவனுக்குப் பொய் சொல்ல வராது, உன் அளவுக்கு வராது. ஜூன் நடுவில் கென்டில் கல்யாணம் என்றான். நோலீன் வந்தா ஜெனெட் வரமாட்டா, ஜெனெட் வரலேன்னா நானும் வரமாட்டேன் என்று என் பெயரைச் சொல்லியே உன் அப்பா சொன்னாராம். முர்ரே அப்படிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, அவர் குணம் தெரிந்துதானே பிரிந்து வந்தேன். ஜெனெட்டை அவர் கட்டிக்கொண்ட இந்த ஒன்பது வருடத்தில் கடையில் பார்த்தால் குட் மார்னிங் சொல்வதைத் தவிர நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது அவளுக்கும் தெரியும். நீ அதற்கு என்ன சொன்னாய் என்று ஹேமிஷைக் கேட்டேன். சொல்லமாட்டேன் என்றான், பிறகு சொன்னான். அம்மா புரிஞ்சுப்பா, அப்பா புரிஞ்சுக்க மாட்டார், அதான் என்றாயாம்.

அப்படித்தானே எப்போதும் நடக்கிறது. முரண்டு பிடிக்கிறவருக்கு முதல் பந்தி, புரிந்துகொள்கிறவளுக்குக் கடைசிப் பந்தி. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட முடியவில்லை, அப்பா இப்படி வம்பு செய்கிறார், நான் என்ன செய்வேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் அழுதிருப்பேன், பிறகு உன் பக்கம்தான் நின்றிருப்பேன். நீ அதைச் செய்யவில்லை. சிரித்துப் பேசி, ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, உன் கல்யாண நாளில் நான் பலேர்மோவில் ஏதோ சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொண்டாய். நிதானம் நிதானம் என்று நீ சொன்னதெல்லாம் என் காலுக்காகச் சொன்னது என்று நினைத்தேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது வேறென்ன? வூட்டர் வீட்டாரிடம் எனக்கு இடுப்பு சரியில்லை, விமானத்தில் உட்கார முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறாய் என்று ஹேமிஷ் சொன்னபோது எனக்கு அழுகைகூட வரவில்லை.

சனிக்கிழமை போனேன். சொன்ன தட்டைக் கொண்டுபோகாமல் இருக்க எனக்குத் தெரியாது. ரொட்டியில் வெங்காய சூப் பொடியும் சீஸும் போட்டு எப்போதும்போலச் சுருட்டி, எப்போதும்போல வெண்ணெய் தடவி, இரண்டு தட்டு. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் வந்து கட்டிக்கொண்டார்கள். அடி கள்ளி, கல்யாணத்துக்குப் போறதத்தான் நிதானமாப் போறேன்னு லைப்ரரில அளந்தியா, ஒரு வார்த்தை சொல்லலையே என்று கொலீன் முதுகில் தட்டினாள். டிரஸ் வாங்கியாச்சா, என்ன கலர், தொப்பி உண்டா என்று ஆளுக்கொரு கேள்வி. ஜெனெட் அடுப்படி வாசலில் தேநீர்க் கெண்டியோடு நின்றாள், முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தக் கூடத்திலேயே உன் பெயரும் உன் அப்பா பெயரும் நாறியிருக்கும். நான் சொல்லவில்லை. இன்னும் வாங்கல, நீலமா பாக்கறேன் என்றேன். உன் மானத்தைக் காப்பாற்ற நானும் பொய் சொன்னேன், கிர்ஸ்டி. ஜெனெட் பெட்டியில் எடுத்துவர வசதியாக இருக்கட்டும் என்று எல்லாரும் பாத்திரம் துடைக்கிற துண்டாகவே கொடுத்திருக்கிறார்கள், உனக்கு ஆயுளுக்கும் போதும்.

கடைசியில் நானும் ஜெனெட்டும்தான் பாத்திரம் கழுவினோம். மற்றவர்களுக்கு என்ன தெரியும், பழையதை மறந்துவிட்ட நல்ல மனசு என்று எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் கழுவ நான் துடைத்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள், நான் கேக்கல நோலீன், முன்வரிசைல அம்மா உக்கார்ற நாற்காலில நீங்க உக்காருங்கன்னு கிர்ஸ்டியேதான் கேட்டா, வேண்டான்னு எப்படிச் சொல்றது என்று. கையிலிருந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அதுவரை எனக்குக் கோபம்தான் இருந்தது, இது என்ன என்று எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்றே நினைவில்லை.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று நீ பயப்பட வேண்டாம். கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்து வாசலில் நிற்க மாட்டேன். பயணத்தையும் நிறுத்தவில்லை, நீ எதற்காகச் சொன்னாயோ, சொன்னது நல்ல யோசனைதான், நாலு ஊரையும் நான் ஆசைப்பட்டுத்தான் படித்து வைத்திருக்கிறேன். போர்ட்டோவுக்கும் பலேர்மோவுக்கும் கிராகோவுக்கும் போவேன். ஆகஸ்டில் கென்டுக்கு வருவேனா என்று இப்போது கேட்காதே, எனக்கே தெரியாது. அதற்குள் நீ கூப்பிட்டால் பலேர்மோவிலிருந்து ஒரே நாளில் வந்துவிடலாம், அதையும் பார்த்து வைத்திருக்கிறேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முகவரி உன்னிடம் இருக்கிறது, அந்த அறையைத் தேர்ந்தெடுத்தவளே நீதானே.

அங்கே குளிர் விட்டுவிட்டது என்று மெல்லிய துணியோடு திரியாதே, உனக்கு நெஞ்சில் சளி சீக்கிரம் கட்டும். கல்யாணத்தன்று காலையில் வெறும் வயிற்றோடு நிற்காதே, உனக்குத் தலை சுற்றும், இதை ஜெனெட்டுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வூட்டர் நல்ல பையன், அவனிடமாவது எதையும் மறைக்காமல் இரு. இரண்டு பேரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள், மனதாரத்தான் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முன்வரிசையில் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைக்காவிட்டால் போகட்டும், ஆனால் வேறு யாரையும் அதில் உட்கார வைக்காதே. ஜெனெட்டுக்கு உன் அப்பா பக்கத்தில் வேறு இடம் போடு, அவளும் அதைத்தான் விரும்புவாள். அது காலியாகவே இருக்கட்டும். யாருக்கு என்று வூட்டரின் அம்மா கேட்டால் இடுப்பு வலி என்று சொல்லாதே. இது எங்க அம்மாவோட இடம், நான் அவளக் கூப்பிடல என்று உன் வாயாலேயே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
நோலீன்