விலகல் தாள்

2 ஜூன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள்.

நீ இருக்கும் நாட்டுக்கு வருவதற்கான மெடிக்கலுக்குப் போன இடத்தில் நான் டாக்டரோடு சண்டை போட்டுவிட்டுப் பாதியில் எழுந்து வந்துவிட்டதாக மாப்பிள்ளை உன்னிடம் சொல்லியிருக்கிறார். உன் நாத்தனாரும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது சரியில்லை. டாக்டர் "நீங்க போகலாம்மா" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன். வரும்போது நாற்காலியைக்கூட மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் வந்தேன்.

நடந்ததை எழுதியே அனுப்புகிறேன். இருபத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள் நான். போனில் பேசியதை மறுநாள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

பிள்ளைகள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. ரத்தம் எடுத்த பெண்ணிடம் சின்னவள், "எல்லாத்தையும் எடுத்துடாதீங்க, நாளைக்கு எனக்கு வேணும்" என்றாள். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் ரத்த அழுத்தம். என் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு பழைய தழும்பு தெரிகிறதாம். டாக்டர் படிவத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காசநோய் வந்ததில்லைன்னு போட்டிருக்கீங்களே?"

"நான் போடவில்லை. மாப்பிள்ளை நிரப்பினார். வந்தது. பத்தொன்பது வயதில். ஒன்றரை வருடம் மருந்து சாப்பிட்டேன். 'ஆம்' என்று திருத்திக்கொள்ளுங்கள்."

வெளியே வந்ததும் மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது.

"அத்தை, உங்களை யார் கேட்டாங்க?"

"டாக்டர் கேட்டார்."

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே!"

"தெரியுமே."

இவ்வளவுதான் சண்டை. இனி மூன்று நாள் காலையில் சளி கொடுக்க வேண்டும். கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம் வைத்துப் பார்ப்பார்களாம். நாங்கள் நான்கு பேரும் ஒரே கோப்பு என்பதால், அதுவரை நான்கு பேருக்கும் அனுமதி கிடையாது.

உன் டூட்டி நேரம் மாறிவிட்டதா? தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா


9 ஜூன்

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வந்தது. நீ கேட்டுக்கொண்டபடி எழுதியே பதில் அனுப்புகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதே.

அம்மா, உனக்குக் காசநோய் வந்தது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? நான் ஒரு நர்ஸ். நோயாளிகளிடம் பரம்பரை பரம்பரையாக என்னென்ன இருந்தது என்று கேட்டு எழுதுகிறவள். என் அம்மாவைப் பற்றி ஒரு படிவத்தின் மூலம் தெரிந்துகொள்கிறேன். அவர் தெரிந்தே பொய்யாக நிரப்பவில்லை. எங்கள் யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் பேசினேன். குடும்பம் ஜூலை பத்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் குடும்ப அனுமதி ரத்து. மறுபடி விண்ணப்பிக்க இரண்டு வருடம் ஆகும். உன் பரிசோதனை முடிவு வர ஆகஸ்ட் ஆகிவிடும். எனக்காக ஒதுக்கிய வீட்டைப் போய்ப் பார்த்தேன். மூன்று அறை. பால்கனிப் பக்கம் இருப்பது உனக்கு என்று நினைத்திருந்தேன். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நர்ஸ் விடுதிக்கு வந்துவிட்டேன்.

ஒரு வழி இருப்பதாக ஏஜென்ட் சொல்கிறார். கோப்பில் இருக்கும் ஒருவர் தானாக விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் மற்ற மூவரின் அனுமதி ஒரு வாரத்தில் வந்துவிடுமாம். நான் அதைச் செய்யச் சொல்லவில்லை. இப்படியும் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். உன்னை எதற்கும் வற்புறுத்தவில்லை.

சின்னவள் நேற்று போனில் அழுதாள். என் முகம் மறந்துவிட்டதா என்று பெரியவள் அவளைச் சீண்டினாளாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்


15 ஜூன்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தில் பிழை ஏதும் இல்லை. கையெழுத்தும் நன்றாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். கான்வென்ட் விடுதியில் இருந்தபோதுதான் இருமலில் ரத்தம் வந்தது. அன்றே என் படுக்கையை மாடியில் தனி அறைக்கு மாற்றினார்கள். அந்த அறையில் எட்டு மாதம் இருந்தேன். பரீட்சையைக்கூட அங்கேயே தனியாக எழுதினேன். குணமாகி இறங்கி வந்த பிறகும் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

சளி கொடுத்தாகிவிட்டது. மாடிப்படிக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. வெறும் வயிற்றில் நின்று டப்பாவில் இருமித் துப்ப வேண்டும். எனக்குச் சளியே வரவில்லை. வெளியே நின்ற ஊழியர், "இன்னும் நல்லா அடிவயித்துலேருந்து இருமுங்கம்மா, வெட்கப்படாதீங்க" என்று கத்தினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று நாளும் இருமினேன்.

வீட்டில் என் தம்ளருக்கு மாப்பிள்ளை சிவப்பு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறார். பிள்ளைகள் என் அறையில் படுப்பதில்லை. சின்னவள் வாசலில் நின்று கதை கேட்கிறாள். அவரைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகளின் தகப்பன் பயப்படத்தான் செய்வார். ஆனால் வேறு தம்ளர் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "சொல்லவில்லை", "வற்புறுத்தவில்லை" என்று எழுதியிருக்கிறாய். சரி, என்ன செய்ய வேண்டும் என்றும் எழுது. பிள்ளைகள் உன்னோடு இருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "அம்மா, நீ விலகிக்கொள்" என்று ஒரு வரி எழுதிக் கேள். கடிதம் கிடைத்த அன்றே கையெழுத்துப் போடுகிறேன். நீ கேட்காமல் நானாகப் போட மாட்டேன். நாளைக்கு யாராவது கேட்டால், "அம்மாதான் வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க" என்று நீ சொல்லும்படி ஆகக் கூடாது.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அம்மா


30 ஜூன்

அன்புள்ள அம்மா,

அவசரமாக எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அவருக்கும் பிள்ளைகளுக்கும் அனுமதி வந்துவிட்டது. ஆபீஸில் பேசிச் சரிசெய்துவிட்டார்கள். உன்னுடையது தனியாக வரும். எட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று.

நீ எதிலும் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. அனுமதி அலுவலகத்திலிருந்து போன் வந்தால் நீ எடுக்க வேண்டாம். அவர் பேசிக்கொள்வார். உனக்கு எதற்கு வீண் அலைச்சல்?

மாத்திரையை மறக்காதே. கோபித்துக்கொள்ளாதே அம்மா.

உன் மகள்


4 ஆகஸ்ட்

அன்புள்ள மகளுக்கு,

பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். மிகவும் மகிழ்ச்சி. நீயும் ஞாயிறு தவறாமல் பேசுகிறாய். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, மழையா என்று கேட்கிறாய். மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவது நீ கேட்காத விஷயம்.

ஜூலை மூன்றாம் தேதி அனுமதி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எடுத்தேன். அடித்தால் எடுப்பதற்குத்தான் எனக்கு இருபத்தாறு வருடம் சம்பளம் கொடுத்தார்கள். நேரில் வரச் சொன்னார்கள். மாப்பிள்ளை பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் தனியாகப் போனேன்.

கவுன்டரில் உன் வயது அதிகாரி ஒருத்தி. இரண்டு தாள்களை என் பக்கம் திருப்பி வைத்தாள். ஒன்று, பரிசோதனை அன்று நான் கையெழுத்துப் போட்ட படிவம். இன்னொன்று, என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்வதாக ஜூன் 22 தேதியிட்ட தாள். அதிலும் என் கையெழுத்து இருந்தது.

"அம்மா, இது ரெண்டும் நீங்க போட்டதுதானா? அனுமதி கொடுத்த அப்புறம்தான் கவனிச்சோம், ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலை."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பரிசோதனைப் படிவத்தில் என் கையெழுத்து நெளிந்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூன்று வருடமாக என் கை நடுங்குகிறது. விலகல் தாளில் நடுக்கமே இல்லை. பத்து வருடத்துக்கு முன் நான் போட்ட மாதிரியான கையெழுத்து அது. மாப்பிள்ளைக்குத் தன் கையெழுத்தையே இரண்டு தடவை ஒரே மாதிரி போட வராது. அந்தக் காலத்தில் என் மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டில் இருந்த இரண்டு மாதமும் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல, என் பென்ஷன் தாள்களில் கையெழுத்துப் போட்டது யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

"நீங்க போடலைன்னா சொல்லிடுங்கம்மா. இது பொய்க் கையெழுத்து கேஸ். அனுமதியை நிறுத்திடுவோம். அந்த ஆஸ்பத்திரிக்கும் எழுதுவோம்" என்றாள் அந்தப் பெண்.

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் உன் வேலை போய்விடும். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். ஒருவர் "சீக்கிரம்மா" என்றார்.

புதிதாக ஒரு விலகல் தாள் கேட்டேன். நின்றபடியே நிரப்பினேன். முதல் கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது தாளில் மை பரவிவிட்டது. மூன்றாவது சரியாக வந்தது. அன்றைய தேதி போட்டுக் கொடுத்தேன்.

"இதை வைத்துக்கொள்ளுங்கள். இது நான் போட்டது. நீங்கள் பார்க்கவே போட்டேன்."

"அப்ப அந்தத் தாள்?"

"விலகுகிறேனா என்பதுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும்? விலகுகிறேன்."

அவள் பழைய தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் புதியதில் முத்திரை குத்தினாள். "பொண்ணா, மருமகளா?" என்று கேட்டாள். "அடுத்தவரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டாம் தேதி வழியனுப்பினேன். மாப்பிள்ளை, "சீக்கிரமே கூப்பிட்டுக்கறோம், அத்தை" என்றார். எப்போது என்று கேட்டேன். "சீக்கிரமே" என்றார். சின்னவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

நான் எழுத்திலேயே சொல்லியிருந்தேன், ஒரு வரி கேட்டால் போடுகிறேன் என்று. ஒரு வரி. என்னிடம் கேட்பதைவிட என்னைப் போல் எழுதுவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அவ்வளவு கடுமையான தாயாகவா இருந்துவிட்டேன் என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். இருந்திருக்கலாம். அதையும் நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

சளிப் பரிசோதனை முடிவு ஆகஸ்ட் முதல் தேதி வந்தது. கிருமி எதுவும் வளரவில்லை. எனக்கு நோய் இல்லை. நகல் இத்துடன் இருக்கிறது. ஆறு மாதம் செல்லும். அதற்குள் நீ அங்கிருந்து என்னைத் தனியாக அழைத்தால் வரலாம் என்று அதே அதிகாரி சொன்னாள். அதற்கான படிவத்தில் என் பகுதியை நிரப்பிவிட்டேன். அழைப்பவர் நிரப்ப வேண்டிய இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது. ஜூன் 22 தாளையும் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். அதை என்ன செய்வது என்பது உன் விருப்பம்.

இந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மூன்று அறை எனக்குத் தேவையில்லை. நீ அழைப்பதாக இருந்தால் இங்கேயே ஆறு மாதம் நீட்டிக்கொள்கிறேன். இல்லையென்றால் ஒற்றை அறையாகப் பார்த்துக்கொள்வேன். இரண்டுக்கும் நான் தயார். இல்லை என்று எழுதினாலும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு எப்போதும்போல் கடிதம் வரும்.

நான் அங்கே வந்து உன்னோடு இருப்பதில் உனக்கு விருப்பமா, இல்லையா? ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்ல வேண்டாம். இருபத்தைந்தாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி எழுத்தில் பதில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா